மகளின் இதயத்தில் எவ்வளவு இரும்பு: டி2 ஸ்டார் ஸ்கேன் எடுத்த கதை

என் மகளுக்கு தலசீமியா மேஜர், உடம்பு போதுமான ரத்தத்தைத் தானாக உருவாக்க முடியாத பிறவி நோய். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றுகிறோம். ரத்தம் கிடைத்ததா என்று எல்லோரும் விசாரிப்பார்கள். அதோடு உள்ளே போகும் இரும்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு யூனிட்டில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு தானாக வெளியே தள்ளுவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் இவளுக்கு 7, 8 கிராம் ஏறுகிறது. நல்ல ஆரோக்கியமான பெரியவர் உடம்பிலேயே மொத்தம் 3, 4 கிராம்தான் இருக்கும்.

இரும்பை வெளியேற்ற தினமும் டெஃபராசிராக்ஸ் மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின் டெஸ்ட், உடம்பில் சேர்ந்த இரும்பைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். 12 வயதில் 3,400. அப்புறம் 2,600. 13 முடியும்போது 1,750. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம்.

டாக்டர் மட்டும் திருப்தியாகவில்லை. "ஃபெரிட்டின் ரத்தத்துல இருக்கிறதைத்தாம்மா சொல்லும். ஒரு காய்ச்சல் வந்தாலே ஏறிடும். இதயத்துல என்ன இருக்குன்னு அதை வச்சு சொல்ல முடியாது. டி2 ஸ்டார் எடுத்துட்டு வாங்க" என்றார். இதயத்திலும் ஈரலிலும் இருக்கும் இரும்பை அளக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் அது. பத்து வயதிலிருந்தே எடுத்திருக்க வேண்டியது. எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எம்ஆர்ஐ எந்த ஊரிலும் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். "ஈரலில் இரும்புப் படிவு காணப்படுகிறது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். எண்ணே இல்லை. இதயத்தைப் பார்க்கவும் இல்லை. கட்டிய பணம் போனது. அதைவிட, ஒரு மாதம் வீணானதுதான் இன்னும் வலிக்கிறது. அதனால் இப்போது யார் கேட்டாலும் சொல்வது இதுதான்: போனிலேயே கேளுங்கள், "இதயத்துக்கு டி2 ஸ்டார் மில்லிசெகண்டில் தருவீர்களா, ஈரலுக்கு ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுவீர்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்று சொன்னால் மட்டும் கிளம்புங்கள்.

கடைசியில் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நாள் கிடைத்தது. ஊசி போட்டு மருந்து எதுவும் ஏற்ற வேண்டாம், ஆனால் மூச்சை அடக்க வேண்டும் என்றார்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு பதினைந்து விநாடி அப்படியே நிறுத்த வேண்டும். ஒரு வாரம் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துப் பழகினோம். நான் எண்ணுவேன், அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். பத்தைத் தாண்டும்போது அந்தப் பிடி இறுகும். "அம்மா, நீ வேகமா எண்ணு" என்பாள். "கண்ணு, மிஷின் வேகமா எண்ணாதுடி" என்பேன். ஸ்கேன் அன்று கொலுசு, தோடு, சட்டையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள்.

ரிப்போர்ட்டில் இதயம் 13 மில்லிசெகண்ட், ஈரல் 9 மில்லிகிராம் என்று இருந்தது. இத்தனை வருடம் ஃபெரிட்டின் குறைந்தால் நல்லது என்றே பழகியவள் நான். 13-ஐப் பார்த்ததும் குறைவுதானே என்று மூச்சு விட்டேன். டி2 ஸ்டாரில் எல்லாம் தலைகீழ், இரும்பு கூடக் கூட எண் குறையும். 20-க்கு மேல் இருந்தால்தான் பயமில்லை. 20-க்குக் கீழே என்றால் இதயத்தில் இரும்பு இறங்கிவிட்டது. 10-க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் அபாயம்.

டாக்டர் கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டினார். இதயத்தின் ஒரே குறுக்குவெட்டு, எட்டுப் படங்கள், ஒவ்வொன்றும் சில மில்லிசெகண்ட் தள்ளி. இரும்பு இல்லாத தசை கடைசிப் படம் வரை சாம்பல் நிறமாகவே தெரியுமாம். இவளுக்கு நான்காவது படத்திலேயே இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஈரல் அதற்கு முன்பே கறுத்துவிட்டது. எத்தனையோ ரிப்போர்ட் படித்தவள், அன்றுதான் இரும்பைக் கண்ணால் பார்த்தேன்.

2020 ஊரடங்கில் மாத்திரை கிடைக்காமல் பல வாரம் விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. ஈரலில் இருப்பது சீக்கிரம் இறங்கும், இதயத்தில் ஏறியது மெதுவாகத்தான் போகும் என்றார் டாக்டர்.

டெஃபராசிராக்ஸை நிறுத்தி, இரும்பை வெளியேற்றும் வேறு இரண்டு மருந்துகள், டெஃபெரிப்ரோன் மாத்திரையும் இரவில் ஊசி பம்ப்பில் டெஸ்ஃபெராலும் கொடுக்கிறோம். டெஃபெரிப்ரோனால் வெள்ளையணு குறையலாம் என்பதால் வாராவாரம் ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் மாத்திரையை உடனே நிறுத்தி, அன்றே டெஸ்ட் எடுக்க வேண்டும். இந்த மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகலாம், குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் நாள் அவள் பயந்து அழுதுவிட்டாள்.

ஒரு வருடம் கழித்து போன மாதம் மறுபடி எடுத்தோம். ஈரல் 5. இதயம் 16. நோட்டில் ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, அந்த 16-ஐ அவளே எழுதினாள். ராத்திரி ஒன்பது மணிக்கு பம்ப் ஊசியையும் இப்போது அவளேதான் வயிற்றில் குத்திக்கொள்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.