சக்கர நாற்காலிக்கு எட்டும் கீரைப் பாத்தி: மானியம் கேட்கும் முன் தெரிய வேண்டியவை

வேளாண்மையில் வாய்ப்புக் குறைந்தோருக்கு அரசு உதவி என்று இணையத்தில் தேடினால் அமெரிக்கப் பக்கங்கள்தான் அதிகம் வரும். அங்கே 1990 வேளாண் சட்டத்தின் 2501ஆம் பிரிவிலேயே இதற்கென ஒரு திட்டம் இருக்கிறது. அந்த மாதிரியைப் பார்த்துச் சிங்கப்பூரில் மானிய விண்ணப்பம் எழுதினால் வேலைக்கு ஆகாது. இங்கே பண்ணைக்குப் பணம் கொடுப்பது ஓர் அமைப்பு, உடற்குறையுள்ளோரின் வேலைக்குக் கொடுப்பது வேறோர் அமைப்பு, அக்கம்பக்கத் திட்டத்துக்குக் கொடுப்பது இன்னோர் இடம். "மூத்தோரும் உடற்குறையுள்ளோரும் சேர்ந்து நடத்தும் பண்ணை" என்று மொத்தக் கனவையும் ஒரே விண்ணப்பத்தில் கொட்டினால் மூன்று இடத்திலும் "எங்கள் வரம்புக்குள் வராது" என்ற பதில்தான் கிடைக்கும்.

ஆகவே முதல் கேள்வி, நீங்கள் தொடங்கப்போவது தோட்டமா, பண்ணையா என்பது. விளைந்ததைத் தோட்டக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பகிர்ந்துகொண்டால் அது சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் வழி அது. விற்கப்போகிறீர்கள் என்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் பண்ணை உரிமம் வேண்டும். அந்த அமைப்பு 2021இல் 60 மில்லியன் வெள்ளி ஒதுக்கித் தொடங்கிய வேளாண் உணவுத்துறை உருமாற்ற நிதியும் உரிமம் பெற்ற பண்ணைகளுக்குத்தான். அதில் பார்ப்பது விளைச்சலும் தொழில்நுட்பமும். யார் நடுகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். புதிதாக ஆரம்பிக்கும் சிறு குழு அங்கே போய் நிற்பதில் பயனில்லை என்பது எங்கள் கருத்து.

தோட்டம் என்றால் இரண்டு நிதிகளைப் பார்க்கலாம். நமது சிங்கப்பூர் நிதி, ஆதரிக்கத்தக்க (அதாவது நிதி தருபவர் ஏற்கும்) செலவில் 80 விழுக்காடு வரை, ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 20,000 வெள்ளி தந்தது; அது இப்போது எஸ்ஜி பார்ட்னர்ஷிப்ஸ் நிதியாக மாறிவிட்டதால் இன்றைய வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2020இல் தொடங்கிய எஸ்ஜி இக்கோ நிதியும் 80 விழுக்காடு வரைதான். சிறு திட்டங்களுக்கு 10,000 வெள்ளி வரையிலான தனிப்பிரிவு அதில் உண்டு. முதலாவதில் மக்களைப் பற்றி எழுத வேண்டும்: யார் ஒதுங்கி இருக்கிறார்கள், அவர்கள் எப்படிக் கலந்துகொள்வார்கள். இரண்டாவதில் சுற்றுச்சூழல் முன்னால் நிற்க வேண்டும்: மாதம் எத்தனை கிலோ சமையலறைக் கழிவு எருவாகும், மழைநீரை எப்படிப் பயன்படுத்துவீர்கள். ஒரே செலவை இரண்டு இடத்திலும் கோரக்கூடாது. விண்ணப்பச் சுற்று திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள்.

80 விழுக்காடு என்ற எண் பலரை ஏமாற்றுகிறது. அது மொத்தச் செலவில் 80 அல்ல, "ஆதரிக்கத்தக்க" செலவில் 80. உங்கள் திட்டம் 20,000 வெள்ளி, அதில் 15,000தான் ஆதரிக்கத்தக்கது என்றால் கிடைப்பது 12,000. மீதி 8,000 உங்கள் கையிலிருந்து. திட்டம் 32,000 வெள்ளி, அத்தனையும் ஆதரிக்கத்தக்கது என்றாலும் உச்சவரம்பு 20,000 என்றால் அதற்கு மேல் வராது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் பாத்திகளின் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள்.

அதற்கும் முன்னால் இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டையில் என்றால் வசிப்போர் கட்டமைப்பு எனும் அடித்தளக் குழு வழியாக நகர மன்றத்திடம் அனுமதி பெற வேண்டும். இடத்துக்கு எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாத விண்ணப்பம் வெறும் ஆசைக் கடிதம். கார்நிறுத்தக் கட்டடத்தின் கூரையில் வைக்கலாம் என்று சிலர் தாராளமாகச் சொல்வார்கள். எடையை யோசியுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்தி 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். அதே அளவில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் போட்டால் 750 லிட்டர். மழையில் நனைந்த சாதாரண மண்கலவை என்றால் ஒரு டன்னைத் தொட்டுவிடும். கூரை தாங்குமா என்று தகுதிபெற்ற பொறியாளர்தான் சொல்ல வேண்டும், அவருக்கான கட்டணமும் உங்கள் செலவுப் பட்டியலில் வர வேண்டும். தரைத்தளம் நிம்மதி.

செலவுப் பட்டியலில் அதிகம் பிசகுவதும் மண்தான். 750 லிட்டர் என்றால் 25 லிட்டர் பையில் 30 பைகள். பன்னிரண்டு பாத்திக்கு 360 பைகள். பாத்திக்குப் பத்துப் பை என்று உத்தேசமாக எழுதியவர்கள் பாதியில் பணம் போதாமல் நிற்பார்கள். நம்மூர் மழைக்கு மண் சில மாதத்திலேயே கீழே இறங்கும், அதை நிரப்பவும் ஒரு வரி எழுதுங்கள்.

உடற்குறையுள்ளோருக்கான தோட்டம் என்று எழுதிவிட்டுச் சாதாரணப் பாத்தியின் வரைபடத்தை இணைப்பது அடிக்கடி நடக்கிறது. மதிப்பிடுபவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். பாத்திகளுக்கு நடுவே பாதை குறைந்தது 1.2 மீட்டர் அகலம், சக்கர நாற்காலி திரும்பும் இடத்தில் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர், சரிவு 1க்கு 12க்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது. உட்கார்ந்திருப்பவரின் கை ஒரு பக்கத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர்தான் வசதியாக எட்டும்; அதனால் 1 மீட்டர் அகலப் பாத்தி என்றால் இரு பக்கமும் பாதை வேண்டும். முழங்கால் உள்ளே போக அடியில் சுமார் 70 சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டு, அதன் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணை ஏற்றினால் விளிம்பு நெஞ்சுக்கு வந்துவிடும், களை பறிக்க முடியாது. இதற்கு வழி, குறுக்குவெட்டில் ஆங்கில 'வி' எழுத்துபோல் இருக்கும் தொட்டி. ஓரத்தில் 12, 15 சென்டிமீட்டர் ஆழம், நடுவில் இரட்டிப்பு. ஓரத்தில் முளைக்கீரை, வல்லாரை, சாய் சிம் எனும் சீனக் கீரை. நடுவில் கத்தரி, மிளகாய். இந்த ஒரு படத்தை அளவுகளோடு இணைத்தால் இரண்டு பக்க விளக்கம் மிச்சம். கூடவே ஓரம் ஆழமில்லாததால் சீக்கிரம் காயும், அதனால் தினமும் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற அட்டவணையும் வேண்டும். கொசு பற்றி ஒரு பத்தி கட்டாயம்: தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கமாட்டோம், பூவாளியைக் கவிழ்த்து வைப்போம், மழைநீர்ப் பீப்பாய்க்கு வலை போடுவோம் என்ற அளவுக்குத் தெளிவாக.

விற்பனைப் பண்ணை நடத்தி உடற்குறையுள்ளோரை வேலைக்கு எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பின் ஓப்பன் டோர் திட்டத்தில் வேலை மறுவடிவமைப்பு மானியம் இருக்கிறது: செலவில் 90 விழுக்காடு வரை, ஓர் ஊழியருக்கு 20,000 வெள்ளி உச்சம். "கருவிகள் வாங்க" என்று மொட்டையாக எழுதாமல் வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுங்கள். 128 குழி நாற்றுத்தட்டில் குழிக்கு ஒரு விதை போடுவது ஆட்டிசம் உள்ள ஓர் ஊழியருக்கு நன்றாகப் பொருந்தலாம். ஆனால் எந்தத் தட்டு முடிந்தது, எது மீதி என்று பிரிக்க வண்ண அட்டையும், சத்தம் குறைந்த மூலையும், உயரம் மாற்றக்கூடிய மேசையும் வேண்டும். எந்தப் படியில் என்ன தடை, எந்தப் பொருள் அதை நீக்கும் என்று வரிக்கு வரி எழுதினால் மறுகேள்வி குறையும்.

சம்பளத்துக்கு எனேபலிங் வேலைவாய்ப்பு ஊக்கத்தொகை. மாதம் 4,000 வெள்ளிக்குக் கீழ் வாங்குபவருக்கு, சம்பளத்தில் 20 விழுக்காடு வரை, மாதம் 400 வெள்ளிக்கு மிகாமல். 1,600 வெள்ளி சம்பளத்துக்கு 320 வரை. இதற்கு விண்ணப்பமே இல்லை, மத்திய சேமநிதிச் சந்தா கட்டியதை வைத்துத் தானாக வரும். வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ஊழியரின் உடற்குறை விவரம் பதிவில் இல்லை. வேலையில் சேர்ந்த வாரமே அதைச் சரிபாருங்கள். பண்ணைகள் இருக்கும் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் மண்ணில் இறங்கி நிற்பவர்களில் நம் தமிழ்நாட்டு ஊழியர்களும் உண்டு. வெளிநாட்டு ஊழியர்களுக்கு இந்த உதவி எதுவும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சமூக நிறுவனமாகவே பதிவு செய்து வளர நினைப்பவர்கள் ரைஸ் அமைப்பின் வென்ச்சர் ஃபார் குட் மானியத்தைப் பார்க்கலாம், 3 லட்சம் வெள்ளி வரை. அதற்குத் தோட்டக்கலை ஆர்வம் போதாது, வரவு செலவுத் திட்டம் தேவை.

விண்ணப்பத்தை எங்கே போடுவது என்றால், சமூகத் திட்டங்களுக்கு 'அவர் எஸ்ஜி கிராண்ட்ஸ்' (OurSG Grants) இணைய வாசல், வணிக மானியங்களுக்கு 'பிசினஸ் கிராண்ட்ஸ்' (Business Grants) இணைய வாசல். நிறுவனமாக நுழைய, அதன் சார்பில் செயல்படும் மின்னிலக்க அனுமதியான கார்ப்பாஸ் வேண்டும். அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைக் கடைசி நாளில் தேடாதீர்கள்.

பணம் கைக்கு வராமல் நின்றுபோவது பெரும்பாலும் ரசீதில்தான். ஒப்புதல் கடிதத்துக்கு முந்திய தேதியில் ரசீது இருக்கும். அல்லது நிறுவனப் பெயரில் வரவேண்டியது தொண்டூழியர் பெயரில் இருக்கும், ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சான்று இருக்காது. ஒப்புதல் கடிதம் வரும் முன் விலைப்புள்ளி வாங்கலாம், ஆனால் முன்பணம் கட்டாதீர்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்த விலையா, சேராத விலையா என்றும் விலைப்புள்ளியிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் நீங்கள் செலவு செய்த பிறகே திருப்பித் தருவார்கள். தவணையாக முன்கூட்டி வருமா என்பது ஒப்புதல் கடிதத்தில் இருக்கும். முழுத் தொகையையும் சில மாதம் தாங்க முடியாத குழு, திட்டத்தை இரண்டு கட்டமாகப் பிரிப்பது நல்லது.

கடைசியாக வருகைப் பட்டியல். "பதினைந்து மூத்தோர், பத்து அமர்வு" என்று எழுதியிருந்தால் அதைக் காட்ட வேண்டும். அதற்காக அடையாள அட்டை எண்ணை எழுதி வாங்காதீர்கள்; சட்டம் கேட்டாலொழிய 2019 செப்டம்பர் 1 முதல் அது கூடாது. பெயர், தொலைபேசி எண், கையெழுத்து போதும். உடற்குறை விவரத்தையோ படத்தையோ சேர்ப்பதாக இருந்தால் தனியாகச் சம்மதத் தாள், புரிந்துகொள்ளச் சிரமப்படுபவருக்கு அவரைப் பராமரிப்பவரும் உடனிருந்து கையெழுத்திடும்படி. இடத்தின் வெற்றுப் படத்தை முதல் மண்மூட்டை இறங்குவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். அறிக்கை எழுதும்போது மறுபடி எடுக்க முடியாதது அது ஒன்றுதான்.