கம்பி, கண்ணாடி, அகழி: வண்டலூரில் 250 மி.மீ. லென்ஸோடு செய்து பார்த்தவை

உயிரியல் பூங்காவில் எடுத்த படம் சொதப்பினால் முதல் பழி லென்ஸ் மேல்தான் விழும். இன்னும் நீளமாக ஒன்று கையில் இருந்திருந்தால் என்ற புலம்பலோடு கடைக்குப் போய்ப் பெரிய தொகையைக் கொட்டிவிட்டு வந்தாலும் அதே மங்கல், அதே சாம்பல் கோடுகள், பின்னால் அதே சிமெண்ட் சுவர். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில், கேமராவோடு சேர்த்துத் தருகிற சாதாரண 55–250 மி.மீ. ஜூம் லென்ஸை வைத்து வெவ்வேறு பருவங்களில் செய்து பார்த்ததன் குறிப்புகள் இவை. அங்கே படத்தைக் கெடுப்பதில் தூரத்தின் பங்கு கொஞ்சம்தான். நடுவில் நிற்கிற கம்பியும் கண்ணாடியும், அகழிக்கு மேலே நெளிகிற சூட்டுக் காற்றும்தான் பெரும்பாலும் கெடுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

கையில் இருந்தவை: கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமரா ஒன்று, மேற்படி லென்ஸ், கூடுதல் பாட்டரி, லென்ஸின் முன்னால் மாட்டுகிற, மடக்கக்கூடிய ரப்பர் ஹூட், ஒரு முழக் கறுப்புத் துணி, கறுப்புக் குடை. முக்காலியை வீட்டிலேயே விட்டுவிடலாம். கூட்டத்தில் நாலு பேர் காலை அது தட்டும். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு, வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து வாசல்வரை வந்து திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு.

வெளிச்சக் கணக்கு

பூங்கா திறப்பது காலை 9 மணிக்கு. மே மாதம் அந்த நேரத்துக்கே சென்னை வானத்தில் சூரியன் ஏறத்தாழ 45 பாகை ஏறிவிடும். புலியின் புருவ எலும்பின் நிழல் கண்குழியில் விழுந்து, கண் இருக்கிற இடம் கறுப்புப் பொத்தலாகத் தெரியும். டிசம்பரில் அதே 9 மணிக்குச் சூரியன் 30 பாகையை ஒட்டித்தான் நிற்கும். மாலை நாலரைக்கு 16 பாகை அளவுக்கு இறங்கி, வெளிச்சம் பக்கவாட்டில் வந்து கண்ணுக்குள் ஒரு பொட்டு மின்னும். அந்தப் பொட்டு இல்லாத முகம் பாடம் செய்த விலங்கு மாதிரி இருக்கும். ஆக, முதல் தேர்வு நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மழை விட்டு மேகம் மூடிய நாள் கிடைத்தால் நேரமே பார்க்க வேண்டாம், நாள் முழுக்க எடுக்கலாம்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் சென்னை ஈரக்காற்று பட்ட மாத்திரத்தில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும், கூடவே கீறலும் விழும். பையை மூடியபடியே 20, 30 நிமிடம் விட்டுவிட்டு எடுத்தால் பிரச்சினை வராது. வாசலிலிருந்து முதல் அடைப்புக்கு நடக்கிற நேரமும் இதில் கழிந்துவிடும்.

அகழி

1855-ல் தொடங்கிய மெட்ராஸ் ஜூ நகரத்துக்குள் இடம் போதாமல் நெருக்கடிப்பட்டு, 1985-ல் வண்டலூருக்கு வந்தபோது பெரிய விலங்குகளுக்கு அகழி வைத்த திறந்தவெளி கிடைத்தது. படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். நடுவில் கம்பி கிடையாது. ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, நாம் மேலே நிற்கிறோம், விலங்கு கீழே. நின்றபடி எடுத்தால் முதுகும் தரையும்தான் விழும். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, லென்ஸைச் சுவரின் விளிம்போடு ஒட்டி வைத்தால் கோணம் கணிசமாகத் தணியும். திரை மடங்கும் கேமராவாக இருந்தால் முழங்காலும் பிழைக்கும். இன்னும் சுலபமான வழி, விலங்கு தூரமாகப் போகும்வரை பொறுப்பது. அகழியின் எதிர்க்கரையில் நிற்கிற புலியைவிட, அதற்கும் 20 மீட்டர் பின்னால் நிற்கிற புலி நம் கண்மட்டத்துக்கு அருகில் தெரியும். உருவம் சின்னதாகும், படம் நன்றாகும்.

இரண்டாவது சிக்கல் சூடு. காலை 11 முதல் 3 வரை வெயிலில் காய்ந்த தரைக்கும் சிமெண்டுக்கும் மேலே காற்று கானல்போல நெளியும். 250 மி.மீ.-ல் 40 மீட்டர் தள்ளி இருக்கும் சிங்கத்தின் பிடரி மயிர் தனித்தனியாகப் பிரியாமல் களிமண்ணில் செய்ததுபோல வரும். ஃபோகஸ் தப்பிவிட்டது என்று நினைத்து லென்ஸை சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. சோதிக்கச் சுலபமான வழி: பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம் தெளிவாக இருந்தால் குற்றவாளி காற்று. அந்த நேரத்தில் 10 மீட்டருக்குள் இருக்கிற விலங்குகளைப் பார்க்கப் போய்விடுவதுதான் ஒரே வழி, ஷட்டர் வேகத்தைக் கூட்டி மல்லுக்கட்டிப் பயனில்லை.

ஷட்டர் கணக்கு (விநாடியின் பின்னத்தில்) சுருக்கமாக: படுத்திருக்கும் விலங்குக்கு, லென்ஸின் நடுக்கம் தணிப்பான் வேலை செய்தால் 1/250 போதும். நடக்கிற புலிக்கு 1/500. குரங்குக்கு 1/800-க்குக் கீழே போனால் அதன் கை இழுபட்டு விழும். பறக்கிற பறவைக்கு 1/1600. மேனுவலில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பை 3200 என்று கட்டினால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். புள்ளி தெறித்த படத்தைப் பிறகு சரிசெய்யலாம், இழுபட்ட படத்தைச் சரிசெய்ய முடியாது.

கம்பி வலை

லென்ஸைக் கம்பியில் ஒட்டவைத்து எடு, கம்பி மறைந்துவிடும் என்பதுதான் வழக்கமான அறிவுரை. நம்மூர் பூங்காக்களில் இது நடக்காத காரியம். வலைக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும், அதைத் தாண்டிக் கையை நீட்டக்கூடாது, நீட்டவும் வேண்டாம். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றுதான் எடுத்தாக வேண்டும். அப்போதும் கம்பி மறையுமா? மறையும், கணக்குப் போட்டு நின்றால்.

லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதுதான் விஷயம். குவிய நீளத்தை (லென்ஸின் மி.மீ. அளவு) எஃப் எண்ணால் (திறப்பைக் குறிக்கும் எண், சின்னதானால் திறப்பு பெரிது) வகுத்தால் அது கிடைக்கும். 250-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 45 மி.மீ. வலை 1.5 மீட்டரிலும் விலங்கு 10 மீட்டரிலும் இருந்தால், 3 மி.மீ. தடிமனுள்ள கம்பி, வலையின் தளத்தில் ஏறத்தாழ 38 மி.மீ. அகலத்துக்குக் கரைந்து பரவும். விலங்கின் மேல் 8 சதவீத இருட்டு மட்டும் லேசாக விழும், கண்ணுக்கு உறுத்தாது. விலங்கு 4 மீட்டருக்கு வந்தால் அதே கம்பி 28 மி.மீ.-ல் பரவும், மெல்லிய பட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். 2 மீட்டரில், அதாவது வலையை ஒட்டி நின்றால், 11 மி.மீ. அவ்வளவுதான். முகத்தின் குறுக்கே கோடு நிச்சயம். சிறுத்தை வலையருகே வந்ததும் ஆசையாக நூறு படம் தட்டுகிறவர்களுக்கு ஒன்றும் தேறாமல் போவது இதனால்தான். அது பின்னால் போனதும் எடுக்க வேண்டும்.

எஃப்/16 வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. வாய் 16 மி.மீ.-க்குச் சுருங்கும். 10 மீட்டர் தள்ளி நிற்கிற விலங்கின் மேலும் கம்பி கால் பங்கு வெளிச்சத்தை விழுங்கி, வைரக்கட்டம் அப்படியே விழும். ஆக வலை இருக்கிற இடத்தில் முழு ஜூம், முழுத் திறப்பு. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கு நிழலில் இருக்கும் கம்பிக்கு. வெயில் பட்டுப் பளபளக்கிற கம்பி கரைந்தாலும் வெள்ளைப் பனியாகப் படம் முழுக்கப் படரும். வலையைச் சுற்றி நடந்து நிழல் விழும் பக்கத்தைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, கூட வந்தவர் கறுப்புக் குடையைப் பிடித்து, லென்ஸ் பார்க்கிற அந்த ஒரு சாண் வலையின் மேல் நிழல் விழச் செய்தால் போதும். வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். படத்தில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

ஃபோகஸ் கம்பியில் போய் ஒட்டிக்கொள்வது அடுத்த தொல்லை. கேமரா பல புள்ளிகளில் தானாகத் தேடும்படி விட்டால், முன்னால் இருப்பதைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, வலைக்கண்ணின் நடுவே விலங்கின் கண் தெரிகிற இடத்தில் அந்தப் புள்ளியை வையுங்கள். ஒருமுறை பிடித்துவிட்டால் மேனுவலுக்குத் தள்ளிவிடலாம். ஆனால் 10 மீட்டரில் எஃப்/5.6 தருகிற தெளிவின் ஆழம் 34 செ.மீ. அளவுதான், 4 மீட்டரில் 5 செ.மீ.-யைக் கொஞ்சம் தாண்டும். விலங்கு தலையைத் திருப்பினாலே மூக்கு தெளிந்து கண் மங்கிவிடும். நமக்கு அருகில் உள்ள கண்ணுக்குத்தான் ஃபோகஸ், எப்போதும்.

கண்ணாடி

பாம்புகளும் இரவு விலங்குகளும் கண்ணாடிக்குப் பின்னால். இங்கே எதிரி நம் சட்டைதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் மலைப்பாம்பின் மேல் உங்கள் தொப்பை பிரதிபலிக்கும். கறுப்போ கரும்பச்சையோ போடுங்கள். தொட அனுமதிக்கிற கண்ணாடி என்றால் ரப்பர் ஹூட்டை அழுத்தாமல் ஒட்டி வைத்து, மிச்ச இடைவெளியைக் கறுப்புத் துணியால் மூடினால் பிரதிபலிப்பு போயே போச்சு. முதலில் கண்ணாடியை உங்கள் பக்கம் துடைத்துவிடுங்கள், குழந்தைகளின் கைரேகை அத்தனையும் அங்கேதான். உள்பக்கக் கீறலுக்கு மருந்தில்லை.

பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கினால் கண்ணாடிப் பிரச்சினை தீரும் என்பது பாதி உண்மை. பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 56 பாகை சாய்ந்து பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை முழுதாகக் கொல்லும். நேருக்கு நேர் நின்றால் சும்மா. ஆனால் சாய்ந்து எடுத்தால் தடித்த கண்ணாடி தெளிவைத் தின்றுவிடும், போதாததற்கு ஃபில்டரே ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) எடுத்துக்கொள்ளும். இருட்டு அறையில் அது கட்டுப்படியாகாது. நேராக நின்று துணியால் மூடுவதே மேல்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். விலங்குக்கும் ஆகாது, கண்ணாடியில் பட்டு நம் முகத்துக்கே திரும்பும். விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்களில் கிடைமட்டமாகக் கரும்பட்டைகள் விழுந்தால் காரணம் மின்சாரம். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடியும் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் விநாடிக்கு 100 முறை துடிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறி, வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்ததும் பட்டை மறைந்தது. பாம்பு அந்த வேகத்துக்கு ஒத்துழைக்கும். மூச்சு விடுவதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை.

சோலைமந்தியின் முகம்

இந்தப் பூங்காவில் இருப்பதிலேயே கடினமான மாடல் சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. கரிபோல முகம், சுற்றிலும் வெள்ளிச் சாம்பல் பிடரி, அந்தக் கறுப்புக்குள் பழுப்பு நிறக் கண். உச்சி வெயிலில் எடுத்தால் பிடரி வெளுத்துப்போகும், முகம் ஒரு ஓட்டை. பிடரியைக் காப்பாற்ற எக்ஸ்போஷரைக் குறைத்தால் கண் காணாமல் போகும்.

வேலைக்கு ஆன முறை இது: மேகமூட்டமோ மரநிழலோ கிடைக்கும்வரை கேமராவைத் தொடாமல் இருப்பது. ரா ஃபைலில் (சென்சார் பதிவு செய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு) எடுப்பது, ஜேபெக் இதற்குத் தாங்காது. வெளுப்பு எச்சரிக்கையை ஆன் செய்து, பிடரியின் நுனி மட்டும் மின்னி மின்னித் தெரிகிற அளவுக்கு எக்ஸ்போஷரை ஏற்றி, அங்கிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்குவது. பிறகு கணினியில் நிழல் பகுதியை மட்டும் உயர்த்தினால் முகச்சுருக்கங்களும் கண்ணிமையும் வெளிவரும். முகம் வானத்தைப் பார்த்து நிமிரும் தருணத்துக்குக் காத்திருந்தால் கண்ணில் பொட்டும் கிடைக்கும். அதனால் அது மேலே இருக்கும் கிளையைப் பார்க்கத் தொடங்கும்போதே விரல் ஷட்டரில் இருக்கட்டும்.

வெள்ளைப் புலிக்கு ‘பிளஸ் போடு’, அதாவது கேமரா கணித்ததைவிட எக்ஸ்போஷரைக் கூட்டு, என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும். புலி சட்டகத்தை நிறைத்தால் பிளஸ் 0.7 சரி. கரும்பச்சைப் புதருக்கு முன்னால் சின்னதாக நின்றால் கேமரா புதரைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், அங்கே மைனஸ் 0.7. கரடிக்கு இது தலைகீழ்.

சுவர், காத்திருப்பு, மிச்சம்

பின்சுவர் தெரியாமல் எடுக்க இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தாலே பல நேரம் போதும், சுவருக்குப் பதில் ஒரு புதர் வந்து நிற்கும். விலங்கு சுவரைவிட்டு எவ்வளவு முன்னால் வருகிறதோ அவ்வளவு நல்லது. ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கிற புலி இருந்தால், அது திரும்புகிற இடத்தில் தரையிலுள்ள கல்லொன்றில் ஃபோகஸைப் பூட்டி வைத்துக் காத்திருங்கள். தூங்கி எழுந்த புலி ஒரு கொட்டாவியோடு நிறுத்துவது அபூர்வம், முதலாவதைத் தவறவிட்டால் கேமராவை இறக்காதீர்கள். விசிலடித்தும் கல்லெறிந்தும் எழுப்புகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது. அவர்களுக்குத் திரும்புகிற முகம் எரிச்சலான முகம், அது படத்திலும் தெரியும்.

சஃபாரி வண்டிக்கு ஒரே குறிப்பு: சன்னல் சட்டத்தில் லென்ஸைச் சாய்க்காதீர்கள், எஞ்சின் அதிர்வு முழுக்க ஏறிவிடும். கையில் தாங்கி 1/1000.

இன்னும் பிடிபடாதது இரவு விலங்குகள் பகுதி ஆந்தை. 1/50, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 6400 வைத்தும் இரண்டு ஸ்டாப் இருட்டு. அடுத்த சுற்றில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மூன்று ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும், ஆந்தை சட்டகத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் இருக்கும். 24 மெகாபிக்சலில் வெட்டி எடுத்தால் கைப்பேசித் திரைக்குப் போதுமானதாக வரலாம்.