தண்டனை பெற்ற ஃபங்ஷன்

ஆபீஸ் வேன் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் நகராமல் நின்ற நேரத்தில்தான் அந்த ஃபைலைத் திறந்தேன். எங்கள் சாஃப்ட்வேரின் கையேடு ரஷ்ய மொழிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது, சரிபார்க்கிற வேலை என் தலையில். எனக்கு ரஷ்யன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். இரண்டு வருஷம் மாலை வகுப்புக்குப் போனேன், அதுவும் அப்பாவின் அலமாரியில் இருந்த மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்த ஆசையில். ஆனால் ஆபீஸில் 'ரஷ்யன் தெரிஞ்ச பொண்ணு' என்று பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் யாரும் விடமாட்டார்கள்.

அதில் ஒரு அட்டவணை. இடது பக்கம் பழைய ஃபங்ஷன்களின் பெயர், வலது பக்கம் அவற்றின் நிலை. (கல்யாண ஃபங்ஷன் இல்லை, புரோகிராமில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தருகிற ஃபங்ஷன்.) ஆங்கிலத்தில் பதினொரு வரியிலும் 'டெப்ரிகேட்டட்', இன்னும் ஓடும், ஆனால் இனிமேல் பயன்படுத்தாதீர்கள் என்று அர்த்தம். ரஷ்யனில் பதினொரு வரியிலும் 'அசுஜ்தாயெத்ஸா'. அதாவது, கண்டிக்கப்படுகிறது. நம்மூர்க் கட்சிகள் அறிக்கை விடுமே, வன்மையாகக் கண்டிக்கிறோம் என்று, அந்தக் கண்டனம். இன்னும் ஒரு படி மேலே போனால், அந்தச் சொல்லின் வேரில் இருப்பது நீதிமன்றம். சிறையில் இருக்கும் தண்டனைக் கைதிக்குச் சட்டத்தில் உள்ள பெயரும் இதே வினையிலிருந்து வருவதுதான். தேதியை வடிவம் மாற்றித் தருகிற ஒரு அப்பாவி ஃபங்ஷனைக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள்.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லவும் முடியாது. அகராதியைத் திறந்தால் டெப்ரிகேட் என்பதற்கு அதைத்தான் போட்டிருக்கும். தப்பு அந்த ஆங்கில வினையிடம் இருக்கிறது, அது ஒரு இடத்தில் நிற்கிற சொல்லே இல்லை. லத்தீனில் அது வேண்டிக்கொண்டு ஒரு தீமையை விலக்குவது. நாம் திருஷ்டி கழிக்கிறோமே, ஆயுத பூஜை அன்று பெங்களூரு முழுக்க நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்து மறுநாள் பைக்கில் போகிறவர்கள் வழுக்கி விழுகிறார்களே, கிட்டத்தட்ட அந்தக் காரியம். 'இது வேண்டாம் சாமி' என்று கும்பிட்டது காலப்போக்கில் 'இது எனக்குப் பிடிக்கவில்லை' ஆகி, கம்ப்யூட்டர்காரர்கள் கைக்கு வந்ததும் 'இப்போதைக்கு ஓடும், ஆனால் இதை நம்பிப் புதிதாக எதையும் கட்டாதே' என்று ஆகிவிட்டது. ஜாவா என்கிற புரோகிராம் மொழியில், த்ரெட்டை, அதாவது உள்ளே தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை, நிறுத்துகிற ஸ்டாப் என்ற ஃபங்ஷன் 1998-லேயே டெப்ரிகேட் ஆனது, 2023 வரை கூப்பிட்டால் வந்து வேலை செய்தது. ரிட்டயர் ஆன பிறகும் தினமும் ஆபீஸுக்கு வந்து தன் நாற்காலியிலேயே உட்காருகிற ஹெட் கிளார்க் மாதிரி.

சரி, ரஷ்யனில் என்ன போடுவது? மொழிபெயர்ப்பாளர் ரஷ்யாவில் கஸான் நகரத்தில் இருப்பவர், சாட்டில் பிடித்தேன். அவர் உடனே கொடுத்தது 'உஸ்தாரெவ்ஷி', கிழடு தட்டியது என்கிற மாதிரி. ரஷ்ய புரோகிராமர்கள் புழங்குவதும் அதுதான் என்றார். எனக்கு அது ஒட்டவில்லை, ஏனென்றால் பழசானது எல்லாம் டெப்ரிகேட் ஆவதில்லை, போன வருஷம் எழுதியதைக்கூட இந்த வருஷம் டெப்ரிகேட் செய்கிறோம், அதில் வயசுக்கு என்ன வேலை? விளக்குவதற்கு நம்மூர் ரூபாய் நோட்டுக் கதையைச் சொன்னேன். 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1000 நோட்டு செல்லாமல் போனது ஒரு வகை. 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து விலக்கினார்கள், ஆனால் சட்டப்படி செல்லும் என்றே சொன்னார்கள், அது இன்னொரு வகை. எங்கள் பதினொன்றும் 2000 ரூபாய் நோட்டு. அவர் சிரித்துவிட்டு, எங்களிடமும் ஒரு கோபெக், ஐந்து கோபெக் காசு (நம் பைசா மாதிரி) அப்படித்தான், புதிதாக அடிப்பதில்லை, ஆனால் செல்லும் என்று எழுதினார்.

அப்புறம் அவர் வரிசையாக எடுத்து வைத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'நி ப்ரிவெத்ஸ்த்வுயெத்ஸா'. வரவேற்கப்படுவதில்லை என்று பொருள். உள்ளே இருப்பது 'ப்ரிவ்யெத்', ரஷ்யர்கள் நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்கிற ஹலோ. அதாவது திட்டவில்லை, வெளியே தள்ளவில்லை, வந்தால் யாரும் வணக்கம் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். இன்னொன்று 'நி ப்ரீன்யத்த', அப்படி வழக்கமில்லை. இதைப் படித்ததும் எனக்கு அல்சூரில் இருக்கிற அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அம்மா வாழ்க்கையில் யாரையும் கண்டித்ததில்லை. 'நம்ம வீட்ல அப்படிப் பழக்கமில்லைம்மா' என்பார், அதுவும் காபியை ஆற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். கண்டிக்கிறவர் யார் என்றே அந்த வாக்கியத்தில் இருக்காது, வீடுதான் கண்டிக்கும். இது அச்சு அசலாக ரஷ்யனில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஆனால் கையேட்டில் அம்மா குரலில் எழுத முடியாதே. கடைசியில் 'நி ரிகமிந்தூயெத்ஸா', பரிந்துரைப்பதில்லை என்று முடிவானது. சப்பென்ற சொல்தான், ஒத்துக்கொள்கிறேன். நீளம் வேறு, அட்டவணையின் வலது பத்தியில் அடங்காமல் இரண்டு வரியாக மடிந்து, டிசைன் பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்கு எந்த மொழியிலும் அகராதி தேவையில்லை.

அனுப்புவதற்கு முன்னால் கஸான்காரர் ஒரு கேள்வி கேட்டார்: பதினொன்றும் இன்னும் ஓடுகிறது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? டெவலப்பரிடம் கேட்டேன், ஓடும் என்றார். போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அரைமணி கழித்து வந்தார், நாலாவதும் ஒன்பதாவதும் போன வெர்ஷனிலேயே எடுத்தாகிவிட்டதாம், ஆங்கிலக் கையேட்டில் யாரும் மாற்றவில்லை. அந்த இரண்டு வரியில் மட்டும் 'உதலினோ', நீக்கப்பட்டது என்று போட்டோம். ஆங்கிலக் கையேட்டில் இன்னும் டெப்ரிகேட்டட் என்றே இருக்கிறது, திருத்தச் சொல்லி ஆபீஸ் சிஸ்டத்தில் டிக்கெட் போட்டு மூன்று வாரம் ஆகிறது.