ரெண்டு சொட்டு ஈயம்

2007 ஆகஸ்ட் நடுவில் பர்மாவில் பெட்ரோல் விலை ஒரே நாளில் கேலனுக்கு 1,500 கியாட்டிலிருந்து 2,500 ஆனது. அடுத்த வாரமே ரங்கூன் தாம்வேயில் இருந்த எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய டொயோட்டா பப்ளிக்கா பிக்கப் வந்து நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். புதுக் கார் இறக்குமதி அப்போது பெரிய இடத்து விஷயம். முப்பது வயது வண்டிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

அதை லைன் வண்டியாக, ஆள் ஏற்றி ஓட்டும் டிரைவர் அண்ணன் சொன்னார்: "தம்பி, பெட்ரோலைக் குடிச்சுத் தொலைக்குது. சூட்டுல நிறுத்தினா திரும்ப எடுக்க மாட்டேங்குது."

எடுக்காதபோது ஆக்ஸிலேட்டரைப் படபடவென்று மிதித்திருக்கிறார். எல்லோரும் செய்வதுதான். ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் இன்னும் ஊற்றும். ஒரேயடியாக அடிவரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும்.

பானட்டைத் திறந்ததும் நெடி. பிளக்கெல்லாம் கரியும் ஈரமும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் அறையான ப்ளோட் சேம்பரின் சின்னக் கண்ணாடியில் பெட்ரோல் நடுவில் நிற்க வேண்டும். இங்கே கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. அந்த அறைக்குப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வில் டேங்க்கின் துருத்தூள் சிக்கியிருக்கும் என்று முடிவு கட்டினேன். சாலையோரப் பாட்டில் பெட்ரோல் போடுகிற வண்டி வேறு. கழுவி, காற்றடித்து, மாட்டி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டார். முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

சயா எட்டிப் பார்த்தார். பர்மியில் வாத்தியார் என்று அர்த்தம்; பட்டறை மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவோம். "ப்ளோட்டைக் காதுகிட்ட வச்சு ஆட்டினியாடா?"

ப்ளோட் என்றால் பெட்ரோலில் மிதந்து நீடிலைத் தூக்கி அடைக்கும் உள்ளீடற்ற பித்தளை மிதவை. நான் ஆட்டவில்லை. இப்போது ஆட்டினேன். பித்தளைக்குள் 'களக்' என்றது. கொதிநீர்க் கிண்ணத்தில் அமுக்கியதும் ஒட்டுக்கரையிலிருந்து கடுகு கடுகாகக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. சயா எதிர்ப்பக்கம் ஊசியால் இன்னொரு ஓட்டை போட்டு, உள்ளே இருந்ததை வடித்து, ஊதி, வெயிலில் வைத்தார். மோந்து பார்த்து வாடையே இல்லை என்ற பிறகுதான் பற்றவைக்க விட்டார். ஆவி மிச்சமிருந்தால் மூஞ்சி போய்விடும்.

ரெண்டு ஓட்டைக்கும் தாராளமாக ஈயம் வைத்தேன். பளபளவென்று ரெண்டு மொட்டு. எனக்கே பெருமை. மாட்டி ஸ்டார்ட் செய்தால் கண்ணாடி மறுபடி நிறைகிறது!

"ஓட்டையை அடைச்சே. எடையை ஏத்திட்டியே" என்றார் சயா. கனத்த ப்ளோட் பெட்ரோலில் ஆழமாக அமுங்கும். அது நீடிலைத் தூக்கி அடைப்பதற்குள் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். அரத்தை எடுத்தார். நாலு தேய்ப்புக்கு ஒருதரம் ப்ளோட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். மொட்டு தழும்பாகும்வரை விடவில்லை. அப்புறம் நீடிலைத் தொடும் நாக்கை மயிரளவு வளைத்தார். பெட்ரோல் நடுவுக்கு வந்து நின்றது.

நான் பானட்டை மூடப் போனேன். அவர் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். பெட்ரோல் வாடை. மட்டமும் ஏறியிருந்தது. வழிந்ததெல்லாம் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கியிருக்கிறது; அப்படியே ஓட்டினால் பேரிங் தேய்ந்துவிடும்.

"விக்கிற விலைக்கு ஆயிலுமா?" என்று டிரைவர் அண்ணன் முனகிக்கொண்டே காசை எண்ணினார். அடுத்த மாதம் மறுபடி வந்தார். பிரேக் வேலைக்கு.