ஆட்டம் ஆரம்பிக்கவே இல்ல

ஆகஸ்ட் 27, 2020

நேத்து அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல ஆர்லாண்டோ மேஜிக் டீம் வார்ம்-அப் பண்ணிட்டு இருக்காங்க, எதிர்ப்பக்கம் மில்வாக்கி பக்ஸ் ஆள் ஒருத்தர்கூட வரல. பிளேஆஃப் மேட்ச், தொடர்ல 3-1னு முன்னாடி இருக்கிற டீம், டிரெஸ்ஸிங் ரூம விட்டு வெளிய வரவே இல்ல. ஞாயித்துக்கிழமை கெனோஷால ஜேக்கப் பிளேக்ங்கிற கறுப்பினத்தவர போலீஸ் முதுகுல சுட்டது பக்ஸோட விஸ்கான்சின் மாநிலத்துலதான், அதுக்கு எதிர்ப்பாதான் ஆட வரல. எல்லாரும் பாய்காட்னு எழுதுறாங்க, ஆனா இது ஸ்ட்ரைக். என்பிஏ ஒப்பந்தத்துல ஸ்ட்ரைக் கூடாதுன்னு தெளிவாவே இருக்கு, லீக் நெனச்சா நடவடிக்கை எடுக்கலாம். மேட்ச்ச தள்ளி வச்சதோட சரி.

ஆகஸ்ட் 28

பேச்சுரிமை பேச்சுரிமைன்னு நெறைய பேர் எழுதுறாங்க. அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் அரசாங்கத்த மட்டும்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளிய இல்ல. சம்பளம் வாங்குற நேரத்துல முதலாளி ரூல் போடுறதுல எனக்கு சண்டை இல்ல, எழுதிப் போடுங்க, எதிர்த்து கேக்க ஒரு வழி வைங்க, அவ்ளோதான். 1996ல என்பிஏ பிளேயர் மஹ்மூத் அப்துல் ரவூஃப் தேசிய கீதத்துக்கு நிக்க மாட்டேன்னார், என்பிஏ சஸ்பெண்ட் பண்ணுச்சு, ஒரே மேட்ச்தான், அப்புறம் பேசி முடிச்சாங்க, நின்னுக்கிட்டே பிரார்த்தனை பண்றேன்னார். அந்த ரூல் எனக்குப் பிடிக்கல, ஆனா ரூல்னு ஒண்ணு கண்ணு முன்னாடி இருந்துச்சு.

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல ஆடுன காலின் கேப்பர்னிக் விஷயத்துல அதுகூட இல்லையே! 2016ல போலீஸ் வன்முறைய எதிர்த்து தேசிய கீதம் பாடுறப்ப மண்டி போட்டார், லீக் ஒரு டாலர் ஃபைன் போடல, ஒரு நாள் சஸ்பென்ஷன் இல்ல. 2017 மார்ச்ல ஒப்பந்தத்துல இருந்து வெளிய வந்தார், அதோட எந்த டீமும் எடுக்கல. முதலாளிங்க கூடிப் பேசி ஒதுக்கிட்டாங்கன்னு கேஸ் போட்டார், 2019 பிப்ரவரில செட்டில்மென்ட், விவரம் ரகசியம். தண்டனைன்னு யாரும் சொல்லாத தண்டனைய எங்க போய் அப்பீல் பண்றது? எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஆகஸ்ட் 29

இன்னைக்கு மேட்ச் திரும்ப ஆரம்பிக்குது. என்பிஏவும் பிளேயர்ஸ் யூனியனும் சேர்ந்தே அறிக்கை விட்டிருக்காங்க, டீமுங்க கையில இருக்கிற அரங்கங்கள தேர்தல்ல ஓட்டுச்சாவடியா மாத்த ஏற்பாடு பண்ணுவாங்களாம். மத்த டீமும் கூட நின்னுச்சு, பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ பொண்ணுங்களும் ஆடல, அத்தன பேர எப்படி ஒதுக்குவாங்க?

ஜூன் மாசம் என்எஃப்எல் கமிஷனர் குடெல், பிளேயர்ஸ் சொன்னத முன்னாடியே கேக்காதது தப்புன்னு வீடியோ போட்டார். அதுல கேப்பர்னிக் பேரே வரல. அவருக்கு இப்ப 32 வயசு, இன்னும் எந்த டீம்லயும் இல்ல.