சூரியனுக்கு ஜோடி உண்டா? வைஸ் படங்களில் தேடிப் பார்த்தது

சூரியனை மங்கலான ஒரு துணை நட்சத்திரம் சுற்றி வரலாம் என்று 1984இல் சில விஞ்ஞானிகள் சொன்னார்கள். ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுக்கு ஒருமுறை அது வால்மீன்களைக் கலைத்துவிடுகிறது, அதனால்தான் பூமியில் உயிரினங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன என்பது அவர்கள் விளக்கம். நெமிசிஸ் என்று பெயரும் வைத்தார்கள். இன்றுவரை அது யார் கண்ணிலும் படவில்லை. என்னை இந்தத் தேடலுக்குள் இழுத்தது அந்தக் கதைதான்.

தொலைநோக்கி தேவையில்லை. நாசாவின் வைஸ் விண்கலம் 2010 தொடங்கி 2024 வரை, நடுவில் ஓர் இடைவெளி விட்டு, முழு வானத்தையும் அகச்சிவப்பில் திரும்பத் திரும்பப் படமெடுத்தது. வைஸ்வியூ என்ற இணையக் கருவியில் வானத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்களைக் கொடுத்தால், அந்த இடத்தின் பல ஆண்டுப் படங்கள் அடுத்தடுத்து ஓடும். சாதாரண நட்சத்திரங்கள் வெளிர் நீலமாகத் தெரியும். மிகக் குளிர்ந்தவை ஆரஞ்சு நிறப் புள்ளிகள்.

முதலில் கண்ணைப் பழக்க, 7.4 ஒளியாண்டு தூரத்தில் உள்ள வைஸ் 0855 என்ற பொருளைப் பார்த்தேன். மிகமிகக் குளிர்ந்த பொருள் அது. அசையாத புள்ளிகளுக்கு நடுவே ஆரஞ்சுப் பொட்டு ஒன்று விறுவிறுவென ஓடியதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் சூரியனின் துணை இப்படி ஓடாது. சூரியனோடு சேர்ந்தே போவதால், நின்ற இடத்திலேயே ஆடும். வைஸ் ஒரே இடத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தது. அதற்குள் பூமி சூரியனுக்கு மறுபக்கம் போய்விடும். பொருள் 1.5 ஒளியாண்டில் இருந்தால் அது சுமார் 4 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) இடம் மாறித் தெரியும். வைஸ் படத்தில் ஒரு பிக்சல் 2.75 ஆர்க்செகண்ட், ஆகவே ஒன்றரை பிக்சல் அளவு ஆட்டம். ஒரு வருடப் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இது கரைந்து போகும். அதனால் ஆறு மாதப் படங்களைத் தனித்தனியாகவே ஓடவிடுகிறேன்.

சிக்கலும் இங்கேதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விண்கலத்தின் பார்வையும் தலைகீழாகத் திரும்பியது. பிரகாசமான நட்சத்திரத்தின் பக்கத்தில் விழும் போலி பிம்பங்கள் ஒருமுறை இந்தப் பக்கம், அடுத்த முறை அந்தப் பக்கம் என்று தாவும். பார்த்தால் அச்சு அசலாக நாம் தேடும் ஆட்டம்தான்! அதனால் ஆடும் புள்ளி கிடைத்தால் முதலில் படத்தைப் பெரிதாக விரித்து, அக்கம்பக்கத்தில் பெரிய நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் விட்டுவிடுகிறேன்.

26,000 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம்) வரை வியாழனை விடப் பெரிய பொருள் எதுவும் இல்லை என்று இதே வைஸ் படங்களை அலசி 2014இல் அறிவித்துவிட்டார்கள். நெமிசிஸ் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கும் போய்விட்டது. அப்புறம் மற்ற நட்சத்திரங்களின் ஜோடிகள் பக்கம் திரும்பினேன். அங்கே நிஜமாகவே அறுவடை இருக்கிறது. பொதுமக்கள் வைஸ் படங்களில் தேடும் பேக்யார்ட் வேர்ல்ட்ஸ் திட்டத்தின் ஆர்வலர் ஒருவர் ராஸ் 19 என்ற நட்சத்திரத்துக்குத் துணையான பழுப்புக் குறுமீனை (நட்சத்திரமாக எரியும் அளவுக்கு எடை சேராத பொருள்) கண்டுபிடித்தார், 2021இல் கட்டுரையும் வந்தது. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 9,900 வானியல் அலகு. வானத்தில் 9 ஆர்க்மினிட்டுக்கும் (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்மினிட்) மேல்.

இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொள்வது முக்கியம். நட்சத்திரத்தின் காலடியில் மட்டும் தேடினால் ராஸ் 19 பி என்ற அந்தத் துணை கிடைத்திருக்காது. 1915இல் ஜோகன்னஸ்பர்க்கில் இன்னஸ் என்ற வானியலாளர், ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்தின் துணையான பிராக்சிமா சென்டாரியைக் கண்டதும் அதிலிருந்து இரண்டு பாகைக்கு மேல் தள்ளித்தான். அவரும் வெவ்வேறு ஆண்டுப் படத்தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தே பிடித்தார்.

இப்போது காயா விண்கலத்தின் நட்சத்திரப் பட்டியலில் வேகமாக நகரும் பக்கத்து நட்சத்திரங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி அரை பாகை வரை ஓட்டிப் பார்க்கிறேன். அதே திசை, அதே வேகம், ஆரஞ்சு நிறம், மூன்றும் பொருந்த வேண்டும். அப்படி ஒன்று சிக்கியது. சிம்பாட் தரவுத்தளத்தில் தேடினால் ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, கண் சரியாகப் பழகியிருக்கிறது. அடுத்து, நட்சத்திரங்கள் நெருக்கியடிக்கும் பால்வீதிப் பட்டைப் பக்கம் போகப் போகிறேன்.