ஆரஞ்சு மரத்தில் வெள்ளைப் பஞ்சு

கோத்தகிரியில் எங்கள் வீட்டின் பின்புறம் ஓர் ஆரஞ்சு மரமும் இரண்டு எலுமிச்சை மரங்களும், வேலியோரமாக ஒரு வரிசை சைப்ரஸும் நிற்கின்றன. பிளம்ஸும் பேரியும் ஒவ்வொன்று உண்டு. ஆனால் அவற்றால் எனக்குப் பெரிய தொல்லை இருந்ததில்லை. குளிர்காலத்தில் அவை இலைகளை முழுவதுமாக உதிர்த்துவிடுவதால், இலையை நம்பி வாழும் பூச்சிகளுக்கு அங்கே சில மாதங்கள் பிழைப்பு இல்லை. வெற்றுக் கிளைகளில் எண்ணெய்க் கரைசலைச் சற்றுக் கூடுதலாகத் தெளித்தாலும் கருகுவதற்கு இலை இருக்காது. ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும் மரத்தில் இந்த இரண்டு வசதியும் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பனிக்காலம் முடிந்து மழையே இல்லாத மாசி மாதத்தில், ஆரஞ்சு மரத்தின் இலைகள் புகை படிந்தாற்போல் கறுத்துப்போயின. அது இலை நோய் என்று எண்ணிக் கடையில் கேட்டேன். கொடுத்த பூச்சிமருந்தை, எந்தப் பூச்சிக்கு என்று கேட்காமலே வாங்கிவந்து தெளித்தேன். ஒரு மாதம் மரம் தெளிவாக இருந்தது. பிறகு, முன்பு இருந்ததைவிட அதிகமாக, சிறுகிளைகளின் அடிப்பக்கம் எங்கும் வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் அது பஞ்சுச் செதில்பூச்சி என்று புரிந்தது. கோடு கோடாக வரி விழுந்த அந்த வெள்ளைப் பை பூச்சியின் முட்டைப் பை. ஒரு பைக்குள் சிவந்த முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் இனிப்பான கழிவு கீழ் இலைகளில் சொட்ட, அதன்மீது வளர்வதே அந்தக் கரும்பூசணம். ஆக, நான் நோய் என்று நினைத்த கறுப்பு, மேலே உட்கார்ந்திருந்த பூச்சியின் கழிவால் வந்ததுதான்.

இந்தப் பூச்சிக்கும் நீலகிரிக்கும் பழைய பகை உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இது, தோல் பதனிடும் பட்டைக்காக இங்கே நட்டு வளர்த்த சீகை மரங்களில், அதாவது வாட்டில் மரங்களில், 1920களில் பெருகியது. அதை அடக்க, அதையே தின்று வாழும் வெடாலியா என்ற சிவப்புக் கறுப்புப் பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்பே 1888-89இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றியது இதே வண்டுதான். 1940களில் அங்கே டி.டி.டி. தெளிக்கத் தொடங்கியபோது வண்டு மடிந்து, செதில்பூச்சி மீண்டும் தலைதூக்கியது. இதைப் படித்தபோது என் தோட்டத்தில் நடந்ததும் இதுவாகவே இருக்க வேண்டும் என்று தோன்றியது: முட்டைகள் பைக்குள் பத்திரமாக இருக்க, வெளியே திரிந்த வண்டுதான் என் மருந்துக்கு இரையாகியிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர், மரத்தைப் பார்த்ததும், "மொதல்ல எறும்பு ஏறுறத நிறுத்து கண்ணு, அப்புறம் மருந்தப் பத்திப் பேசலாம்" என்றார். அவர் சொன்னது சரியே. இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் செதில்பூச்சியைக் காவல் காக்கின்றன. அருகே வரும் பொறிவண்டைக் கடித்து விரட்டுகின்றன. எனவே அடிமரத்தில் பிளாஸ்டிக் பட்டையை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் பூசினேன். கிரீஸை மரத்தில் நேரடியாகப் பூசினால் மரப்பட்டை பாழாகும். மறுநாளும் எறும்பு போய்க்கொண்டிருந்தது; பார்த்தால், ஒரு கிளை துணிக்கொடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை வெட்டிய பிறகுதான் போக்குவரத்து நின்றது.

பூச்சி மிகுந்திருந்த சிறுகிளைகளை வெட்டி எரித்தேன். எஞ்சியவற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தேன். அதன் பிறகே தெளிப்பு. மீன் எண்ணெய் ரோசின் சோப்பு என்று வேளாண் கடைகளில் கிடைக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். அது கிடைக்காதபோது ஒரு லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடர்வேன். மூடுபனியில் இலை ஈரமாக இருக்கும்போது அடித்தால் மருந்து வழிந்தோடும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். பூக்கும் காலத்தில் தேனீக்கள் வரும். நீலகிரியில் இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது சில மாலை நேரங்கள்தான். முட்டையையும் முதிர்ந்த பூச்சியையும் சோப்பு அவ்வளவாகத் தொடாது. புதிதாகப் பொரித்து ஊர்ந்து திரியும் குஞ்சுகளுக்கே அது எமன். ஆகவே இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை அடித்தேன். பொறிவண்டுப் புழு தென்பட்ட ஒரு கிளையை மட்டும் தெளிக்காமல் விட்டுவைத்தேன்.

சைப்ரஸைப் பற்றி ஒரு சொல். உட்பக்கத்து இலைகள் பழுத்து உதிர்வதைக் கண்டு அதற்கும் மருந்தடிக்கப் போனேன். பசுமை மாறா மரமும் தன் பழைய இலைகளை உள்ளிருந்து கழித்துக்கொண்டேதான் இருக்கும். நுனித் தளிர் காய்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆடி மழையில் ஆரஞ்சு இலைகளின் கறுப்புப் படலம் உரிந்து விழுந்தது. தெளிக்காமல் விட்ட கிளையில் இப்போது கிழிந்த வெற்றுப் பைகள்தான் தொங்குகின்றன. கிரீஸில் தூசி படிந்துவிட்டது. இந்த வாரம் பட்டையை மாற்ற வேண்டும்.